பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்

திருச்சி
16.11.2025

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. "காரை வித்துத் தொலைச்சிரலாமால?" என்று நீ கேட்டிருந்த அன்றைக்கு என் கார் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. அந்தக் கடுப்பில் பதில் எழுதியிருந்தால் உன் வண்டியையும் என் வண்டியையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருப்பேன். இப்போது வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. சத்தமும் போய்விட்டது. நிதானமாகப் பேசலாம்.

இந்தச் சத்தத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவே இல்லை, இல்லையா? மே மாத லீவில் கொல்லிமலை போய் வந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் இருந்த அக்கா பேரன் ஒவ்வொரு வளைவின் நம்பரையும் கத்திக்கொண்டே வந்தான். நாற்பதைத் தாண்டியதும் கத்துவதை விட்டுவிட்டு வாந்தி எடுத்தான். வண்டியை ஒரு குறை சொல்ல முடியாது, ஜம்மென்று ஏறி இறங்கியது. அடுத்த வாரம்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டு வாசல் உனக்குத் தெரியும். குறுகலான தெரு, எதிரே கரண்ட் கம்பம், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று அப்பா உயர்த்திக் கட்டிய சரிவு. ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்து, முதல் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் கார் உள்ளே ஏறும். அப்படி ஏறும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக் டொக்' என்று ஒரு சத்தம். என் பாட்டி இரும்பு உரலில் பாக்கு இடிப்பாளே, அதே தாளம். சக்கரம் நேரானதும் நின்றுவிடும். ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் போனாலும் வராது.

முதலில் கேட்டது மீனாதான். தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிறவள் அவள். "என்னங்க, முன்னாடி ஏதோ இடிக்குது" என்றாள். "கல்லு கில்லு ஏறியிருக்கும்" என்றேன். இந்த வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தெருமுனை ஷெட்காரரிடம் காட்டினேன். வண்டியை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, "ஏழு வருஷ வண்டின்னா நாலு சத்தம் வரத்தான் சார் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்.

ஜூனில் வழக்கமான சர்வீஸ். கையில் டேப்லெட்டோடு வந்த சர்வீஸ் அட்வைசர், இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன். சரிவு, ஸ்டியரிங், முதல் கியர், டொக் டொக் எல்லாவற்றையும் கையால் அபிநயம் பிடித்தே காட்டினேன். ஜாப் கார்டில் அவன் எழுதியது, 'முன்பக்கச் சத்தம் — செக்'. அவ்வளவுதான். என் வீட்டுச் சரிவும் பாட்டியின் உரலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது: "டெஸ்ட் டிரைவ் போனோம் சார், சத்தமே வரல. எதுக்கும் லிங்க் ராடு மாத்திடலாம் சார், லேசா ஆட்டம் இருக்கு." அது சஸ்பென்ஷனில் ஒரு சின்னக் கம்பி. 2,840 ரூபாய். அவர்கள் டெஸ்ட் டிரைவ் போனது பைபாஸில், நேர் கோட்டில். வண்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஏற்றினேன். டொக் டொக் டொக்.

ஆகஸ்டில் மறுபடி. இந்த முறை ஸ்ட்ரட் மவுன்ட், அதாவது முன்பக்க ஷாக் அப்சார்பரை மேலே பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி. 4,650 ரூபாய். சரிவில் ஏற்றினேன். அதே உரல், அதே பாக்கு. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

இந்த நவம்பரில்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்தது யாரால் என்று நினைக்கிறாய்? மழை கொட்டுகிறதே என்று, வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பிக்கப் டிரைவர் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், காக்கி பேன்ட், கழுத்தில் ஈரத் துண்டு. வண்டியைப் பின்னால் எடுத்தார். பாதி இறங்கியபோது தெருவில் பால் வேன் வந்து நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கை ஒடித்தபடியே மறுபடி மேலே ஏற்றினார். டொக் டொக் டொக். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சார், இது ஆக்சில் சவுண்டு."

ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் ஈரத் தரையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலில் மை மாதிரி கறுப்பு கிரீஸ். "பூட் கிழிஞ்சிருக்கு பாருங்க" என்று செல்போன் லைட் அடித்துக் காட்டினார். ரப்பர் பூட், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு மடிப்பு சுற்றிலும் வெடித்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சக்கரத்தின் உள்வட்டம் பூராவும் கிரீஸ் தெறித்துக் கோடு போட்டிருந்தது.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், உனக்கும் உதவும். கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோவது ஆக்சில். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக நுனியில் சிவி ஜாயின்ட் என்று ஒரு மூட்டு. உள்ளே ஆறு இரும்புக் குண்டுகள், பள்ளத்தில் உருளும். அந்த மூட்டைச் சுற்றி கிரீஸை அடைத்துவைத்திருப்பதுதான் பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், குண்டு ஓடும் பள்ளம் தேயும். நேராகப் போகும்போது தெரியாது. முழுசாக ஒடித்து பாரம் கொடுக்கும்போதுதான் குண்டுகள் தடுக்கி டொக் டொக் என்னும். பைபாஸில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

எனக்கு வயிறு எரிந்தது வேறு இடத்தில். ஜூனிலும் ஆகஸ்டிலும் கொடுத்த செக் லிஸ்ட்டைத் தேடி எடுத்தேன். 'ஆக்சில் பூட்' என்ற வரியில் இரண்டு தடவையும் பச்சை டிக். அதைவிடப் பெரிய கூத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் அடிப்பாகத்துக்குப் பிரஷர் வாஷ் அடித்து, சக்கரத்தின் உள்பக்கம் வரை பளபளவென்று கழுவித்தான் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். தெறித்த கிரீஸ்தான் ஒரே சாட்சி. அதைக் காசு வாங்கிக்கொண்டு கழுவியிருக்கிறார்கள்!

டிரைவர் பதினோரு வருஷம் கால் டாக்ஸி ஓட்டியவராம். "என் வண்டியில மூணு ஆக்சில் மாத்தியிருக்கேன் சார்." கிளம்பும்போது தயங்கினார். "நீங்களே அட்வைசர்கிட்ட சொல்லிடுங்க சார். நான் சொன்னதா வேண்டாம். டிரைவர் சொன்னா எடுபடாது." நானே போன் போட்டு, "வலப்பக்கம் அவுட்டர் ஜாயின்ட், பூட் கிழிஞ்சிருக்கு" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. "சார் மெக்கானிக்கா?" "இல்லப்பா, கருவூலத்துல கணக்கு பாக்குறவன்."

உன் பெரியப்பாவின் பழைய காரில் நாம் குற்றாலம் போனது ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். டிரைவர் அண்ணன் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "பத்து நிமிஷம், டீ குடிங்க" என்பார். வண்டி சொல்வதைக் கேட்பவரும் சரி செய்பவரும் ஒரே ஆள். இப்போது என் வண்டியைத் தொடுகிற மெக்கானிக்கின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் காபி மெஷினும். நடுவில் ஒரு டேப்லெட்.

பூட் கிழிந்ததுமே பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றி ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். இப்போது ஜாயின்ட்டே போய்விட்டது, கூலியோடு 6,380. ஆகஸ்ட் பில்லில் ஸ்பேருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், இந்த பில்லில் 18. செப்டம்பர் 22-இல் இறங்கியதில் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். மூன்று ஜாப் கார்டுகளையும் மேனேஜர் மேஜையில் வரிசையாக வைத்தேன். கழற்றிய பழைய ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கினேன் (நீயும் எப்போதும் பழைய பார்ட்டைக் கேள், கேட்கிறவன் என்று தெரிந்தாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும்). 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கப்போகிறேன் என்றதும் மனிதர் இறங்கி வந்தார். கூலியில் பத்து சதவீதம் தள்ளுபடி. அத்தோடு, சிரிக்காதே, அடுத்த முறை ஒரு வாட்டர் வாஷ் இலவசம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஏசி கூலிங் காயிலை மாற்ற 14,000 கேட்கிறார்கள் என்கிறாய். அவசரப்படாதே. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வது இல்லை. போன வருஷம் நிரப்பியது இந்த வருஷம் குறைந்தால் எங்கோ கசிகிறது. எங்கே என்று லீக் டெஸ்ட் செய்து கண்ணால் காட்டச் சொல். முன்னால் கிரில்லுக்குப் பின்னே இருக்கும் கண்டென்சரை முதலில் பார்க்கச் சொல். தூத்துக்குடி உப்புக்காற்றையும் லாரி தெறிக்கும் கல்லையும் முதலில் வாங்குவது அதுதான். கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். பிரித்த டேஷ்போர்டு திரும்ப மாட்டிய பிறகு சில வண்டிகளில் ஆயுசுக்கும் கிரீச் கிரீச் என்னும்.

"சார், ஒரு அப்ரூவல் வேணும்" என்று மத்தியானம் போன் வருமே, இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் கோட்டிங், ஏசி கிருமிநாசினி என்று. எது கெட்டிருக்கிறது என்று இதைச் சொல்கிறாய் எனக் கேள். பதில் 'பொதுவா நல்லது சார்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆனால் பிரேக் ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மலை இறக்கத்தில் சூடானால் பிரேக் பிடிக்காமல் காலை வாரிவிடும்.

மைலேஜ் பற்றி நீ புலம்பியது நியாயம்தான். நான் டேங்க் கணக்கு எழுதுகிறவன் என்பது உனக்குத் தெரியும்: முன்பு லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர், இப்போது 16.4. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்துதானே விற்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் இவ்வளவு குறைவது கணக்குக்குச் சரியாகவே வருகிறது. இதற்குப் போய் டீலரிடம் சண்டை போடாதே.

விற்கலாமா? சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாக இறங்கியது உண்மைதான். ஆனால் புதுசின் விலை இறங்கினால் உன் பழசின் விலையும்தானே இறங்கும்? அதை மறந்துவிட்டு ஷோரூமுக்குப் போகாதே. அப்படி விற்றால் நோ க்ளெய்ம் போனஸை, அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காக இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, விட்டுவிடாதே. அது காருக்குச் சேர்ந்தது இல்லை, உனக்குச் சேர்ந்தது. இன்ஷூரன்ஸ்காரரிடம் கடிதம் வாங்கிவைத்தால் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம், மூன்று வருஷம் வரை செல்லும். போன வருஷம் எலி வயரைக் கடித்து 3,600 செலவானபோது நான் க்ளெய்ம் போடாததும் அந்த 50 சதவீதத்தைக் காப்பாற்றத்தான்.

நேற்று அட்வைசர் பையன் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "கம்பெனியிலருந்து கால் வரும் சார். பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார். ஒன்பது போட்டாலும் எங்களுக்கு ஃபெயில் மாதிரிதான்." பாவமாக இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இருந்தும் காலையிலேயே கால் வந்தது. ஒரு பெண், பாடம் ஒப்பிப்பதுபோல வரிசையாகக் கேட்டாள். காத்திருக்கும் அறை சுத்தமாக இருந்ததா? அட்வைசர் மரியாதையாகப் பேசினாரா? சொன்ன நேரத்துக்கு டெலிவரி கொடுத்தார்களா? எல்லாவற்றுக்கும் பத்து. "வீட்டுக்கு வந்து வண்டி எடுத்துட்டுப் போன டிரைவருக்கு மார்க் போடணும்மா, எங்கே போடறது?" என்றேன். "அந்தக் கேள்வி என்கிட்ட இல்லைங்க சார்" என்றாள்.

கடைசிக் கேள்வி: "உங்க வாகனத்தைச் சுத்தமா கழுவித் தந்தாங்களா சார்?"

"ரொம்பச் சுத்தமா கழுவினாங்கம்மா. பிரச்சினையே அதுதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பத்து போட்டுக்கட்டுமா சார்?" என்றாள்.

தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வரும்போது மக்ரூன் வாங்கி வா. ஆனால் போன தடவை மாதிரி ஒரு பொட்டலத்தை என் கார் சீட்டுக்கு அடியில் மறந்து வைத்துவிட்டுப் போகாதே. எலி வந்தது அதற்குப் பிறகுதான்.

உன்,
ராமு