பச்சையாகவே போடச் சொல்லலாமா, ஆசிரியர் அவர்களே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நாய்க்குத் தினமும் மீன் போடலாமா என்று சென்ற இதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார். தங்கள் பதிலாளர் இரண்டே வரியில் அவரை அனுப்பிவிட்டார்: "தாராளமாகப் போடலாம். மீன் வெட்டும்போது மிஞ்சுவதை வேகவைக்காமல் பச்சையாகப் போட்டால்தான் சத்து முழுசாகச் சேரும்." மீன் போடலாம் என்பது சரி. மற்றதெல்லாம் தவறு. இவ்வளவு தவறை இரண்டு வரிக்குள் அடக்குவதும் ஒரு திறமைதான். அதற்கு முதலில் என் பாராட்டுகள்.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்ததெல்லாம் தூத்துக்குடிக் கரையோர ஊர்களில். மீன் தின்னாத நாயை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே மீனுக்கு எதிராக எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கோழிக்கறியைவிடச் சாளை, அதாவது மத்தி, மலிவாகக் கிடைக்கும் ஊரில் நாய்க்குச் சாளை போடாமல் வேறு எதைப் போடுவது?

பச்சை என்ற சொல்லில்தான் ஆபத்து. சாளை, நெத்திலி வகையறாவிலும் குளத்துக் கெண்டை வகையிலும் பல மீன்களின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பி1 வைட்டமினை அழிப்பதே அதன் வேலை. ஒரு நாள், இரண்டு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் அதையே தின்றால் முதலில் நாய் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும், வாந்தி எடுக்கும். பிறகு பின்னங்கால் தள்ளாடும், கழுத்து வளையும், கடைசியில் இழுப்பு வரும். 1930களில் அமெரிக்க நரிப் பண்ணைகளில் பச்சைக் கெண்டை தின்ற நரிகள் இப்படித்தான் முடங்கின. கண்டுபிடித்துக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆகப்போகும் செய்தி இது, தங்கள் பதிலாளரை இன்னும் எட்டவில்லை.

ஃப்ரீசரில் வைத்தால் இந்த நொதி சாகாது. பூச்சி சாகலாம், நொதி அப்படியே இருக்கும். கொதிக்க வைத்தால்தான் அது அழியும். அதைத்தான் தங்கள் பக்கம் செய்யாதே என்கிறது. தள்ளாடி இழுக்கும் நாயை ஊருக்குள் எவரும் பி1 குறைவு என்று சொல்வதில்லை. வெறிநாய் என்பார்கள், கம்பை எடுப்பார்கள். அருகே போகாமல் கட்டிவைத்து மருத்துவரை அழைத்தால் எது என்று அவர் பார்த்துச் சொல்வார். பி1 குறைவாக இருந்து ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஊசியில் பிழைக்கும். அடிபட்டபின் எதில் பிழைக்கும்?

அடுத்து "மிஞ்சுவது". மீன் வெட்டும்போது மிஞ்சுவது செவுள், குடல், செதில், செட்டை. மீனில் முதலில் கெடுவது செவுளும் குடலும்தான். காலையில் வெட்டிய கழிவு மத்தியானம் வரை வெயிலில் கிடந்தால், சாளை, அயிலை, சூரை போன்றவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறிவிடும். அதன்பின் எத்தனை விசில் விட்டாலும் அது போகாது. முகம் வீங்கி, வாந்தியும் பேதியுமாக வரும் நாய்க்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, ஐஸ் படாமல் கிடந்த நேரம். கெளிறு என்ற கெளுத்தி வகை மீனை வெட்டினால் முதுகிலும் பக்கத்திலுமாக மூன்று முள் மிஞ்சும். அரம் போலப் பின்னோக்கிப் பல் வைத்த முள் அது. அண்ணத்தில் ஏறினால் இழுக்க இழுக்கக் கிழிக்கும். உடம்பை உப்பிக்கொள்ளும் விஷ மீனான பேத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலையிலிருந்து எடுத்துக் கரையில் வீசிய பேத்தையைத் தின்றால் நாய் தசை செயலிழந்து மூச்சு நின்று போகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்த விஷமும் வேகவைத்தால் போகாது. வெட்டும் இடத்திலிருந்து கலந்து கட்டிக் கொடுக்கும் பையில் என்னென்ன கிடக்கிறது என்று பதிலாளர் ஒரு நாளாவது கொட்டிப் பார்த்திருப்பாரா?

இதற்கு முன்பும் பொறுத்துத்தான் போனோம். தொண்டையில் முள் சிக்கினால் வாழைப்பழமோ சோற்று உருண்டையோ விழுங்க வையுங்கள் என்று ஒரு முறை போட்டீர்கள். குத்தி நிற்கும் முள்ளை இன்னும் ஆழமாகத் தள்ளுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. வாயைத் திறந்து பார்த்துக் கண்ணுக்குத் தெரிந்தால், நாய் அடங்கி இருந்தால், இடுக்கியால் நேராக எடுக்கலாம். தெரியாவிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு முறை, கருவாடு தின்றால் நாய்க்குச் சொறி வரும், பச்சை ரத்தம் தின்றால் வெறி பிடிக்கும் என்று யாரோ சொன்னதை அப்படியே அச்சேற்றினீர்கள். சொறி வருவது உண்ணியைவிடச் சிறிய, கண்ணுக்குத் தெரியாத பூச்சியால். வெறிநோய் வைரஸால் வருகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அப்போது எழுதிய கடிதத்தை நான்கு வரியாக வெட்டி, தடுப்பூசி என்ற சொல்லையும் சேர்த்து வெட்டி வெளியிட்ட பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. மீன் எண்ணெய் பற்றிய கட்டுரையில் சால்மன் வாங்கிக் கொடுங்கள் என்றீர்கள். வாங்குவது யார் பணத்தில் என்று சொல்லவில்லை. சால்மனில் இருக்கும் அதே ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சாளையிலும் அயிலையிலும் தாராளமாக இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. தங்கள் பக்கத்திலோ எந்த நாயைப் பற்றி எழுதினாலும் படம் என்னவோ லாப்ரடார்தான்.

சமையல் பக்கத்தில் ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதுவரை அளவு கொடுக்கிறீர்கள். நாய்க்கு மட்டும் "தாராளமாக". அந்த வாசகிக்குப் போயிருக்க வேண்டிய அளவை நானே எழுதுகிறேன்.

15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கிலோ கலோரி தேவை. தலை, குடல், செவுள், செட்டை எடுத்த சாளை 250 கிராம், அரிசி 120 கிராம் (சமைக்கும் முன் எடை), ஒரு கை பூசணி அல்லது கேரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய். சாளையில் கொழுப்பேறிய பருவம் என்றால் எண்ணெய் வேண்டாம். இதை இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கலாம். கட்டியே கிடக்கும் நாய்க்கு இதில் கால் பங்கைக் குறைக்க வேண்டும். வாரம் மூன்று நாள் மீன், மற்ற நாட்களில் முட்டை, கோழி, ஈரல் என்று மாற்ற வேண்டும். ஏழு நாளும் மீனும் சோறுமாகவே போனால் துத்தநாகமும் வைட்டமின் ஈயும் பற்றாது. முதன்முதலாகக் கொடுக்கும்போது இரண்டு கரண்டியில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவுக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் கால் கிலோ வைத்தால் வயிறு போகும், மீன் மேல் பழி விழும்.

மீனைக் குக்கரில் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். உப்பு, புளி, மிளகாய் எதுவும் வேண்டாம், மஞ்சள் ஒரு சிட்டிகை போடலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட வேண்டும். ஆறியபின் நடுமுள்ளை இரு விரலுக்கு இடையே வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். மாவாக நசுங்கினால் முள்ளோடு பிசைந்து போடலாம், நசுங்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்ற வேண்டும், கரைந்த வைட்டமின் அதில்தான் இருக்கிறது. சட்டியில் பத்து நிமிடம் கொதித்தால் சதை வெந்துவிடும், முள் அப்படியே விறைத்து நிற்கும். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது. பாறை, சங்கரா போன்றவற்றின் முள் குக்கரிலும் நம்பும்படி நசுங்காது, எடுத்துவிட வேண்டும். முள் எடுத்தால் சுண்ணாம்புச்சத்தும் போய்விடும். அதற்கு முட்டை ஓட்டை வறுத்து மாவாக அரைத்து, மேற்சொன்ன 250 கிராம் மீனுக்கு அரைத் தேக்கரண்டி தலைதட்டிச் சேர்த்தால் போதும். இந்தக் கணக்கு வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் கால் வளையும், கூடினாலும் எலும்பு கெடும். குட்டி வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் எடை காட்டி அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய மீன்குழம்புச் சோறு ஆகவே ஆகாது. காரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுவை உடைக்கும், வெந்தாலும் உடைக்கும். சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் போன்றவற்றில் பாதரசம் சேரும், எப்போதாவது ஒரு துண்டு போதும். தினசரிக்குச் சிறுமீன்தான் நல்லது.

நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த 61 நாட்களில் மலிவு மீன் என்று வருவது பெரும்பாலும் பலநாள் ஐஸில் கிடந்தது. வயிறு வெடித்து, செவுள் பழுப்பேறியதை மலிவு என்று நாய்க்கு வாங்க வேண்டாம். அப்போதுதான் கருவாடு கைகொடுக்கும். அதிலும் உப்பில்லாமல் காய்ந்த நெத்திலி, காரல்தான் வேண்டும். 60 கிராம் கருவாடு கால் கிலோ பச்சை மீனுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கடற்கரை மணல் அடியில் தங்கும், மூன்று தண்ணீர் அலசி வேகவைக்கலாம். உப்புக் கருவாட்டில் 100 கிராமுக்கு 15 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். நாயின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு உள்ளே போனாலே விஷக்குறி தொடங்கும். 5 கிலோ குட்டை நாய் ஒரு பொட்டலத்தைத் திருடித் தின்றால் என்ன ஆகும் என்பதைப் பதிலாளரே கூட்டிப் பார்க்கட்டும்.

பதிலாளரை மாற்றுங்கள் என்றோ, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள் என்றோ கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "மீனை நன்றாக வேகவைத்தே போடவும். செவுள், குடல், கெளிற்று முள் வேண்டாம்" என்று மட்டும் போடுங்கள். இடம் போதாவிட்டால் லாப்ரடாரைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் வெளியிடுவீர்கள் என்றால் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அளவுகளை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தூத்துக்குடி