யானைக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ்

ஆசிரியருக்கு,

வணக்கம். தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளைப் பற்றி விரிவாக எழுதும் நாளிதழ்கள், அவற்றை ஓரிரு நாளில் வீழ்த்தவல்ல ஹெர்பிஸ் வைரஸைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. பெரிய யானைகளின் உடலில் சத்தமின்றித் தங்கியிருக்கும் இவ்வைரஸ், தாய்வழி எதிர்ப்பாற்றல் குறையும் பருவத்தில் குட்டிகளின் இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. முகம் வீங்கி, நாக்கு நீலம் பாரித்திருப்பது பாகனின் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இவ்வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க இயலாததே தடுப்பூசி ஆய்வுக்குப் பெருந்தடையாக இருந்தது. எனினும், கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட அதே எம்ஆர்என்ஏ முறையில் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியினர் உருவாக்கிய தடுப்பூசி, 2024இல் ஹூஸ்டன் உயிரியல் பூங்காவின் டெஸ் என்னும் பெண் யானைக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தென்னிந்தியக் காடுகளிலும் இந்நோய்க்குக் குட்டிகள் பலியானது ஆய்வேடுகளில் பதிவாகியுள்ளதால், யானை முகாம்களில் உள்ள குட்டிகளின் இரத்தத்தை வாரந்தோறும் பரிசோதித்து முடிவுகளை வெளியிடுமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர்