பூட்டிக் கிடந்த வீட்டின் குழாய்

அன்புள்ள செந்தில்,

நீ வாங்கப் பார்க்கும் டெட்ராய்ட் வீட்டுப் படங்கள் வந்தன. சமையலறையையும் தோட்டத்தையும் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். குடிநீர் வாரியத்தில் இருந்தவனுக்குக் கண் பேஸ்மென்ட் பக்கம்தான் போகிறது. மீட்டருக்குக் கீழே தரையிலிருந்து ஏறும் சாம்பல் நிறக் குழாயில் வெங்காயம் போல ஒரு புடைப்பு தெரிகிறதே, ஈயக் குழாயை இணைத்த இடம் அப்படித்தான் இருக்கும். சாவியால் லேசாகச் சுரண்டிப் பார். பளிச்சென்று மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயமேதான், அதாவது நஞ்சான காரீயம்.

"பேங்க் ஜப்தி செய்த வீடு, குழாயை அவர்களே மாற்றித் தரட்டும்" என்கிறாய். தர மாட்டார்கள். இருக்கிற நிலையிலேயே விற்றுக் கைகழுவத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் உனக்குச் சாதகமான விதி ஒன்று உண்டு. 2014இல் அங்குள்ள ஃபிளின்ட் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, குழாய் அரிக்காமல் இருக்கக் கலக்க வேண்டிய மருந்தைக் கலக்காமல் விட்டார்கள். ஊர்க் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகு, 2018இல் மாநிலம் விழித்துக்கொண்டது. தெருவின் பெரிய குழாயான மெயினிலிருந்து வீட்டுக்குள் வரும் ஈயக் குழாய் முழுவதையும், உன் எல்லைக்குள் இருக்கும் பகுதி உட்பட, குடிநீர் நிர்வாகமே தன் செலவில் மாற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். அவசரப் பழுது தவிர, பாதிக் குழாயை மட்டும் மாற்றவும் கூடாது. நல்ல விதி அது. பாதியை வெட்டி மாற்றினால் மீதி ஈயம் ஆட்டம் கண்டு, கொஞ்ச காலம் இன்னும் அதிகமாகக் கரையும்.

சரி, அப்புறம் என்ன கவலை என்கிறாயா? 2021 முதல் ஆண்டுக்குச் சராசரி 5 சதவீதக் குழாய்கள் என்று 20 வருஷ வேலை அது. சொந்தக்காரர் சம்மதமும் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பழைய ஓனர் போய்விட்டார், பேங்க் கடிதத்தைப் பிரித்தே பார்த்திருக்காது. தெரு முழுக்கக் குழாய்களை மாற்றியிருந்தாலும் இந்த வீட்டைத் தாண்டிப் போயிருப்பார்கள். நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரத்தில் இதற்காகவே 2019இல் ஓனர் சம்மதம் இல்லாமலும் மாற்றலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் சுமார் 23,000 குழாய் மாறின.

அதனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே டெட்ராய்ட் குடிநீர்த் துறையைக் கூப்பிடு. இந்த விலாசத்துக் குழாய் என்னவென்று பதிவில் இருக்கிறது, எப்போது மாற்றுவார்கள் என்று கேள். வீடு கைக்கு வந்ததும் சம்மதப் படிவத்தைக் கொடுத்துவிடு. வீட்டுக்குள் ஓடும் குழாயும் பித்தளை டேப்பும் உன் செலவு. அதை விலையில் குறைக்கச் சொல். 1986க்கு முந்தைய பற்றவைப்பிலும் ஈயம் இருக்கலாம்.

குழாய் மாறும் வரை குழந்தைக்குப் பால் கலக்கவும் சமைக்கவும் ஈயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டர் தண்ணீர்தான். மாதக்கணக்கில் தேங்கிய குழாய் அது, முதல் நாள் நன்றாகத் திறந்துவிடு. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்வாள். ஈயம் கொதித்துப் போகாது. அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா