ஆடிக்கு முன் வாசல் மண்ணைக் கொத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்க இன்னும் இரண்டே வாரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்தால் பத்து வீட்டு வாசலிலாவது பூச்செடி பிழைக்கும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சென்ற மார்கழியில் எங்கள் தெருவுக்கு ஒரு வண்டியில் தொட்டித் தொட்டியாகப் பூச்செடி வந்தது. பெட்டூனியா, டயாந்தஸ், இன்னும் என்னென்னவோ. கண்ணைப் பறிக்கிற நிறம். வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று எல்லோரும் வாங்கினார்கள். தை முழுக்க வாசல் அழகாகத்தான் இருந்தது. மாசி வெயில் ஏற ஏறச் செடிகள் ஒடுங்கின. பங்குனியில் வெறும் தொட்டிதான் மிச்சம். பக்கத்து வீட்டம்மா என்னிடம் வந்து, "எனக்குக் கைராசியே இல்லக்கா. நான் எதை வச்சாலும் பட்டுப் போகுது" என்று கண் கலங்கச் சொன்னார். அவர் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை. குளிர் தாங்கி வளர்கிற செடியை நம் ஊர்ப் பங்குனி வெயிலில் யார் வைத்தாலும் அதே கதிதான். இங்கே வெயிலில் பூப்பது எது, பனியில் பூப்பது எது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. அதை நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் காம்பவுண்டு சுவர் வரை சிமென்ட் பூசிவிடலாம் என்றார். "மண்ணா விட்டா பூச்சி பொட்டு வரும்மா, சிமென்ட்னா கழுவி விட்டுட்டுப் போயிரலாம்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் சம்மதிக்கவில்லை. இரண்டரை அடி அகலம், இருபது அடி நீளம். அந்த மண்தான் எனக்கு இந்த இருபது வருஷமாகச் சாமிக்கும் தலைக்கும் பூக் கொடுக்கிறது.

முதலில் மல்லிகையைச் சொல்ல வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மதுரையிலேயே எத்தனை வீட்டு வாசலில் இருக்கிறது? வைத்திருக்கிறவர்களிலும் பாதிப் பேர் "இலைதான் வருது, பூ வரலை" என்கிறார்கள். காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, செடி நிழலில் நிற்கும். இல்லையென்றால் கவாத்து செய்யாமல் விட்டிருப்பார்கள். கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். நான் முதல்முறை வெட்டியபோது என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. "பச்சைச் செடியை இப்படி மொட்டையடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது" என்றார். வெட்டிவிட்டுத் தூரைச் சுற்றிக் கொத்தி, இரண்டு கூடை தொழு உரம் போட்டேன். மாசியில் புதுத் துளிர், பங்குனியில் துளிர் நுனியெல்லாம் மொட்டு. விடியற்காலையில் மொட்டாகவே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவேன். சாயங்காலம் கட்டினால் இரண்டு செடிக்கு நான்கு முழம் வரும். ஊரே வெந்து கிடக்கும் அக்னி நட்சத்திரத்தில்தான் மல்லிக்குக் கொண்டாட்டம். பிச்சிக்கு மார்கழி நடுவில் கவாத்து, முல்லைக்குத் தை மாதம் பாதி கடந்த பிறகு. மூன்றும் ஒரே குடும்பம்தான், நாள் மட்டும் வேறு வேறு.

மல்லி ஓய்கிற பனிக்காலத்தில்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி விலை கிலோ ஆயிரத்தில் நிற்கும். அப்போது வீட்டில் பூ வேண்டுமென்றால் டிசம்பர் பூவும் செவ்வந்தியும் இருந்தால் போதும். டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது என்று பலர் வைப்பதில்லை. ஊதாவும் வெள்ளையும் கலந்து கட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், வந்துவிடும்.

செவ்வந்தியில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு உதவும். நாலு வருஷத்துக்கு முன் ஆடியில் எட்டுப் பக்கக்கன்று வாங்கி வாசலோரம் வரிசையாக நட்டேன். ஒரு மாதத்தில் நுனி கிள்ளினேன், கிளை நன்றாக விட்டது. ஐப்பசியில் பார்த்தால் ஆறு செடி இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, பேருக்கு ஒரு மொட்டுக் கிடையாது. தூணுக்குப் பின்னால் இருந்த இரண்டு செடியில் மட்டும் மொட்டு குண்டு குண்டாகக் கிளம்பியிருந்தது. ஒரே கன்று, ஒரே உரம், ஒரே தண்ணீர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீபாவளிக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் தோட்டக்கலை படித்தவள். அவளிடம் காட்டினேன். பகலில் பார்த்து ஒன்றும் சொல்லாதவள், ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும், "அத்தை, விளக்கைப் பாருங்க" என்றாள். அந்த வருஷம்தான் எங்கள் வாசலுக்கு நேரே புது எல்இடி தெருவிளக்கு போட்டிருந்தார்கள். அந்த வெள்ளை வெளிச்சம் ஆறு செடிமேல் விழுந்துகொண்டிருந்தது. தூணின் நிழல் மற்ற இரண்டின்மேல் கோடு போட்டாற்போல விழுந்திருந்தது. செவ்வந்தி, இருட்டு நேரம் நீளும்போதுதான் மொட்டு வைக்குமாம். விடிய விடிய வெளிச்சம் பட்டால் அதற்கு ராத்திரி என்பதே தெரியாது, இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மறு வருஷம் தொட்டியில் நட்டுக் கொல்லைப்பக்கம் வைத்தேன். கார்த்திகை தீபத்தன்று மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. தெருவிளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் நடமாடுகிற தெருவுக்கு வெளிச்சம் அவசியம். வீட்டுப் பக்கம் ஒரு சிறு மறைப்பு மட்டும் வைத்து மாட்டினால் போதும்.

கனகாம்பரம் வருஷம் முழுக்கப் பூக்கும், ஆனால் வேரில் நூற்புழு விழும். நன்றாக நின்ற செடி தண்ணீர் ஊற்ற ஊற்றத் துவண்டால் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருக்கும். நான் அந்த இடத்தில் ஒரு போகம் துலுக்கச் சாமந்தி, அதாவது செண்டுமல்லி, போட்டுவிட்டுத்தான் மறுபடி கனகாம்பரம் வைத்தேன். அந்தச் சாமந்தி வேருக்கு நூற்புழுவை அடக்குகிற குணம் உண்டு. ஆடிக் கடைசியில் விதைத்தால் ஆயுத பூஜைக்குப் பூவும் ஆயிற்று.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கோடையில் செடி சாவது மேல் வெயிலால் மட்டுமல்ல, தளத்துச் சூட்டினாலும்தான். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். தேங்காய் மட்டையை உரித்துத் தூரைச் சுற்றிப் பரப்புங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

உங்கள் பத்திரிகையில் விவசாயிகளுக்கென்று பக்கம் ஒதுக்குகிறீர்கள். நெல், வாழை, தென்னைக்கு இந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று போடுகிறீர்கள். அதே பக்கத்தின் ஓரத்தில், வீட்டுப் பூச்செடிக்கு இந்த மாதம் என்ன வேலை என்று நான்கு வரி போடக் கூடாதா? கவாத்து நாள், பதியம் போடுகிற நாள், விதைக்கிற நாள் என்று தமிழ் மாதக் கணக்கில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் கத்தரித்து அடுக்களையில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

சென்ற ஐப்பசியில் நான் போட்ட மல்லிகைப் பதியத்தில் பத்தும் வேர் பிடித்து, பால் கவரில் மாற்றி வைத்திருக்கிறேன். கைராசி இல்லை என்று அழுத பக்கத்து வீட்டம்மா இரண்டு கேட்டார். அவர் வாசலில் மண்ணே இல்லை, முழுக்கப் பேவர் கல். போன வாரம் ஆளை வைத்துச் சுவரோரம் ஆறு கல்லைப் பெயர்த்து, அடிக்கு அடி இரண்டு குழி எடுத்துவிட்டார். நேற்று நாங்கள் இருவரும் சேர்ந்து அதில் தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டோம். ஆடி முதல் வெள்ளியன்று நடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.