அம்மாவின் கொடுப்புப் பல்லைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கிற எல்லாருக்கும் அம்மாவின் பல் நோ தெரியும். ஐந்து மாதமாக வலது பக்கத்தாலேயே சாப்பிட்டார். பாணைத் தேநீரில் தோய்த்துத்தான் இறக்குவார். இரவில் பஞ்சில் கராம்புத் தைலம். இடையில் ஓரிடத்தில், படம் எதுவும் எடுக்காமல் வாயைப் பார்த்த அளவிலேயே இடது பக்கக் கடைசிப் பல்லைக் கழற்றினார்கள். நோ அப்படியே இருந்தது. அன்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. "இன்னொன்றைக் கழற்ற முதல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கோ" என்று சொன்னவர், அடுத்த நாள் விடியவே எங்களோடு ஓட்டோவில் ஏறி, வோர்ட் பிளேஸ் பல் வைத்தியசாலை வரிசையிலும் நின்றார்.

எக்ஸ்ரே அறைத் தம்பி, உங்களை மறக்க மாட்டோம். கதிர் பட்டால் ஏதும் வருமோ என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் ஒரு நாளில் உடம்பில் படுகிற கதிரைவிட இந்தச் சின்னப் படத்தில் அதிகம் இல்லை என்று தமிழும் சிங்களமுமாகப் பொறுமையாகச் சொன்னீர்கள். 1896இல் ஜேர்மனியில் முதன்முதலாகப் பல்லைப் படமெடுத்தபோது 25 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்ததாம். அம்மாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்புறம் டொக்டர். திரையில் பேனா முனையை வைத்து நீங்கள் காட்டியது கண்ணுக்குள் நிற்கிறது. எலும்பும் பல்லும் வெள்ளை, சூத்தை கறுப்பு. இரண்டு பற்கள் முட்டுகிற இடத்தில், வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தாலும் தெரியாத இடத்தில், ஒரு கறுப்பு உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டிருந்தது. வேர் நுனியில் மிளகளவில் இன்னொன்று. சீழ் எலும்பை அரித்த இடம் என்றீர்கள். கழற்றிய பல்லுக்கு முன்னால் இருந்த பல் அது.

அதையும் கழற்றிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தோம். நீங்கள் பல்லைக் கழற்றாமல், வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம்செய்து அடைக்கிற வேர் சிகிச்சை செய்தீர்கள். தலைமயிர் போன்ற அரத்தை வேர்க்குழாய்க்குள் விட்டபடியே மறுபடி படம். நுனியைத் தாண்டினால் எலும்பில் குத்தும், முன்னாலேயே நின்றால் கிருமி மிஞ்சும். இரண்டு வேர், மூன்று குழாய், ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. மூன்றாவது 19 மில்லிமீற்றர் என்று நீங்கள் சொல்ல, தாதி அக்கா திருப்பிச் சொல்லி எழுதினார். அடைத்த பிறகும் ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் எங்களை அனுப்பினீர்கள்.

ஆறு மாதம் கழித்துப் போன கிழமை எடுத்த படத்தில் அந்த மிளகு கடுகாகியிருந்தது. எலும்பு திரும்ப வளர்கிறது என்று நீங்கள் சொன்னதை அம்மா ஊருக்கெல்லாம் ஃபோனில் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வருவோம். எக்ஸ்ரே அறைக்குத் தனிப் பெட்டி என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.