தெற்கு சூடானிலும் அது நம் எண்ணெய் கம்பெனிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது தமிழகம் முழுக்க ஓ.என்.ஜி.சி.யைக் கேள்வி கேட்டோம். 2020-இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் வெளிநாட்டுக் கிளையான ஓ.என்.ஜி.சி. விதேஷ் தெற்கு சூடானில் என்ன செய்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

மனித உரிமைப் புகார்களின் நெருக்கடியால் கனடாவின் டாலிஸ்மன் நிறுவனம் சூடானிலிருந்து விலகியபோது, அங்குள்ள எண்ணெய் வயல்களில் அதற்கிருந்த 25 சதவீதப் பங்கை விதேஷ் வாங்கியது 2003-இல். 2011-இல் நாடு பிரிந்த பிறகு, தெற்கே யூனிட்டி பகுதி வயல்களிலும் அதே 25 சதவீதம். சீன அரசின் சி.என்.பி.சி.க்கு 40, மலேசிய அரசின் பெட்ரோனாஸுக்கு 30. பக்கத்துத் தார் ஜத் வயலிலும் சுமார் 24 சதவீதம் எடுத்தது.

கச்சா எண்ணெய் தனியாக மேலே வருவதில்லை. உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கன உலோகங்களும் கலந்த தண்ணீர் கூடவே வரும். வயல் பழசாக ஆக எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதைச் சுத்தப்படுத்தி மறுபடி ஆழத்தில் செலுத்தலாம், செலவு பிடிக்கும். குழி வெட்டித் தேக்கினால் செலவு குறைவு, ஆனால் அடியில் பாய் விரிக்காத குழியென்றால் அத்தனையும் நிலத்தடி நீரில் இறங்கும். தார் ஜத் சுற்றுவட்டாரத்துக் குடிநீரில் உப்பும் கன உலோகங்களும் மிகுந்திருப்பதை ஜெர்மனியின் சைன் ஆஃப் ஹோப் அமைப்பு சோதித்துச் சொல்லி வருடங்கள் ஓடிவிட்டன. அங்கே வாழ்பவர்கள் நுவேர் மக்கள். மாடுதான் அவர்களுக்குச் சொத்து, கல்யாணச் சீர், சாப்பாடு எல்லாம். தாகம் எடுத்த மாடு குழித் தண்ணீரைப் பார்த்தால் குடிக்கத்தான் செய்யும். இப்போது வெள்ளம் வேறு. பென்டியு நகரையே மண்கரை போட்டுத்தான் காத்து வருகிறார்கள். எண்ணெய்க் குழிகளுக்கு யார் கரை போடுவது?

2013-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரும் அந்த வயல்களைச் சீரழித்தது, உண்மைதான். அதற்காக, நாங்கள் சிறு பங்குதாரர்கள் என்று விதேஷ் ஒதுங்கிக்கொள்ள முடியாது. யூனிட்டி வயல்களை நடத்துவது பங்குதாரர்கள் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம். லாபத்தில் கால் பங்கு வாங்குபவருக்குக் கழிவிலும் கால் பங்கு உண்டு.

பெட்ரோனாஸ் 2024-இல் தெற்கு சூடானை விட்டுக் கிளம்பிவிட்டது. நாளை நாமும் கிளம்பலாம். அதற்கு முன் விதேஷ் தான் பங்கேற்ற வயல்களின் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும், எத்தனை குழிகள் மூடப்படாமல் கிடக்கின்றன என்பதையும், சுத்தம் செய்ய ஒதுக்கிய தொகையையும் வெளியிட வேண்டும். சி.ஏ.ஜி. தணிக்கைக்கு உட்பட்ட பொதுத்துறை நிறுவனம்தானே அது. டெல்டா மாவட்ட எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்ப வேண்டும். எண்ணெய்க் கசிவு வயலை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்