நற்செய்திக் குழுவுக்கு ஒரு தையல்காரியின் மடல்

நம் சபையின் நற்செய்திக் குழுவில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

தக்கலைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள் நான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் குழுவிலிருந்து மூன்று பேர் என் கடைக்கு வந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் குமரி மாவட்டத்தில் பல சபைகளில் ஊழியம் இப்படித்தான் நடக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

நீங்கள் வந்தபோது ஒரு தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர், இந்துக் குடும்பம். ஐந்து வருடமாக என்னிடம்தான் தைக்கிறாள். மகன் பைக் விபத்தில் இறந்து அப்போது எட்டு மாதம். நாலு பிளவுஸைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் நான் அளவெடுத்துத் தைத்தவை. உடம்பு அவ்வளவு இளைத்துவிட்டது. நான் கைப்பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பப்படம் இல்லாமல் அவன் சோற்றில் கை வைக்க மாட்டான், இப்போது பப்படம் பொரிக்கவே கை வரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் உள்ளே வந்து, நற்செய்தி அச்சிட்ட கைப்பிரதியை அவள் மடியில் வைத்து, "சகோதரி, நீங்கள் இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டீர்கள்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாள். பிரதி தரையில் விழுந்து கிடந்தது. தைத்து வைத்த பிளவுஸை வாங்க மூன்று வாரம் அவள் வரவில்லை.

உங்கள் மனசு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறீர்கள். ஆனால் போகும்போது நோட்டை எடுத்து "சந்தித்த இடங்கள்", "கொடுத்த பிரதிகள்" என்று எழுதினீர்களே, அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த நோட்டில் ஒரு எண்ணாகப் போய்விட்டாள்.

இயேசுவைப் பற்றிப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு அதற்கு உரிமை தந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், என் கணவர் போன பிறகு நான் எழுந்து நின்றது இயேசுவைப் பிடித்துக்கொண்டுதான். அதை ஒளித்து வைக்க எனக்கு மனசில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் என் கவலை.

என் கடையிலிருந்து சிறிது தூரத்தில் உதயகிரிக் கோட்டை. அங்கே டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. பிறகு, தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர். ஆடுமாடும் உடைமையும் போய், முகம் வாடி இருந்த அவரிடம், என்ன கவலை என்று டிலனாய் விசாரித்தார். கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபின் கதையை வேதாகமத்திலிருந்து சொன்னார் என்கிறது வரலாறு. அந்தப் பேச்சில் தொடங்கியதுதான் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானமும் தேவசகாயம் என்ற பெயரும், 1752-இல் காற்றாடி மலையில் துப்பாக்கிக் குண்டால் மரணம், 2022-இல் புனிதர் பட்டம். தேவசகாயம் கத்தோலிக்கர், நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். அவர் இந்த மண்ணின் சாட்சி.

வேதாகமத்தில் எத்தனையோ கதை இருக்க, டிலனாய் ஏன் யோபை எடுத்தார்? எதிரில் இருந்தவர் மாட்டை இழந்தவர், யோபும் மாட்டை இழந்தவர். முதலில் கேட்டதால்தான் எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்தது. நம் கையில் இருப்பதோ எல்லோருக்கும் ஒரே பிரதி.

அப்புறம் நம் பாஷை. இரட்சிப்பு, கிருபை, மீட்பு, அபிஷேகம். நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான நமக்கு இவை காதில் பழகிய சொற்கள். ஆனால் "கிருபை என்றால் என்ன?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், வீட்டுத் தமிழில் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? எனக்கே வராமல் இருந்தது. வாலிபர் ஐக்கியத்தில் வசனப் போட்டி வைக்கிறோம். இதை ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நம் மாவட்டத்தில் இயேசுவின் பெயரைக் கேள்விப்படாதவர் யார்? 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். மற்றவர்களில் பலர் மிஷன் பள்ளியில் படித்தவர்கள், நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிட்டவர்கள். சபைத் தேர்தல் வந்தால் நாம் போடும் சண்டையும் அவர்களுக்குத் தெரியும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை இரண்டு பக்கமும் இன்னும் மறக்கவில்லை. இங்கே ஒருவரிடம் சாமியைப் பற்றிப் பேச வாயெடுக்கும் முன், அவரோடு நாம் எப்படிப் பழகியிருக்கிறோம் என்பது முன்னால் போய் நிற்கும்.

சரி, நான்காவது வாரம் அந்தத் தங்கச்சி வந்தாள். பிளவுஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணன் போனப்போ நீங்க எப்படிக்கா தாங்கினீங்க?"

"தாங்கலை. ஆறு மாசம் ஜெபம் பண்ணவே முடியலை, அவ்வளவு கோபம். அப்புறம் ஒருநாள், தன் சிநேகிதன் லாசரு செத்தப்போ இயேசு அழுதாருன்னு பைபிள்ல வாசிச்சேன். கொஞ்ச நேரத்துல அவனை உயிரோட எழுப்பப் போறவரு. அப்படியும் நின்னு அழுதாரு. அப்போ இவர்கிட்ட நான் அழலாம்னு தோணிச்சு" என்றேன்.

"சாமி அழுவாரா அக்கா?"

"அழுதாரு."

அவ்வளவுதான் பேசினோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் அவள் கோயிலுக்குப் போகிறாள், சபைக்கு வரவில்லை. அதை அவளிடம் நான் கேட்கப்போவதும் இல்லை. சிலர் இதைக் கேட்டு, "அப்படியானால் நட்பாகப் பழகி ஆளைப் பிடிக்கலாம்" என்று புதுத் திட்டம் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். தூண்டிலில் மாட்டிய இரை மாதிரியான நட்பை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் எந்தக் காலத்திலும் மாறாவிட்டாலும் எனக்குத் தங்கச்சிதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கணக்கு நோட்டை மூடி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், ஆராதனை முடிந்து, தங்கள் விசுவாசத்தை வீட்டுத் தமிழில் சொல்லிப் பழக நம் ஜனத்துக்கு இடம் கொடுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதானே பேதுரு எழுதினார். கேட்கிற அளவுக்கு ஒருவர் நம்மிடம் நெருங்கி வர, நாமும் விடவேண்டாமா?

அன்றைக்கு வந்த மூன்று பேரிடமும் ஒரு வேண்டுதல். இன்னொரு நாள் கடைக்கு வாருங்கள், கையில் பிரதி இல்லாமல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பெண்கள் வந்து உட்காருவார்கள். கட்டஞ்சாயா போட்டுத் தருகிறேன். அவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
தக்கலைப் பக்கத்துத் தையல்காரி